ஒளிர்சாயமும் அதன் அக்கம்பக்கமும்

மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் இருட்டறையில், புற ஊதா விளக்கின் மேல் அகரோஸ் ஜெல்லை வைத்து ஒருமுறையேனும் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. பார்வைக்கு அது நோன்புக் காலத்தில் செய்யும் கடற்பாசி இனிப்பைப் போலத் தெளிந்து குழைந்து இருக்கும். உறவும் அதனோடுதான், ஏனெனில் அகரோஸ் என்பது அதே கடற்பாசி அகரைச் சுத்திகரித்து எடுத்த ஒரு பகுதி. விளக்கைப் போட்டதும் அந்தப் பலகைக்குள் ஆரஞ்சு நிறக் கோடுகள் படிக்கட்டு போல வரிசையாகத் தெரியும். மின்சாரம் பாய்ச்சி ஜெல்லுக்குள் ஓடவிட்ட டி.என்.ஏ. துண்டுகள் எங்கெங்கே வந்து நின்றனவோ அங்கங்கே ஒரு கோடு. ஆனால் கோடுகளைக் காட்டும் எத்திடியம் புரோமைடு என்ற சாயம் கோடுகளுக்குள் மட்டும் இல்லை. ஜெல் முழுவதும் அதில் ஊறித்தான் கிடக்கிறது. அப்படியிருக்க, மற்ற இடமெல்லாம் ஏன் ஏறக்குறைய இருண்டே இருக்கிறது?

டி.என்.ஏ. சாயத்தைத் தன்னிடம் இழுத்துக் குவித்துக்கொள்கிறது என்பது பாதி விடை. மீதிப் பாதி இன்னும் சுவையானது. தண்ணீரில் தனியாக மிதக்கும் எத்திடியம் மூலக்கூறு தரும் ஒளியைப் போல் சுமார் 20 மடங்கு ஒளியை, அதே மூலக்கூறு டி.என்.ஏ.வுக்குள் நுழைந்தபின் தருகிறது. சாயமும் மாறவில்லை, விளக்கும் மாறவில்லை. சாயத்தைச் சூழ்ந்திருப்பவை மாறிவிட்டன. ஒளிர்சாயங்களைப் பற்றிப் பேசும்போது ‘லேபிள்’, ‘அடையாளச் சீட்டு’ என்ற சொற்கள் எல்லோர் வாயிலும் சரளமாக வருகின்றன. எனக்கு அந்தச் சொற்களில் முழு உடன்பாடு இல்லை. பெட்டியில் ஒட்டிய சீட்டு, பெட்டிக்குள் எது இருந்தாலும் அதே எழுத்தைத்தான் காட்டும். பெட்டியின் வடிவத்தை அது மாற்றுவதும் இல்லை. ஒளிர்சாயமோ ஒட்டிய இடத்துக்கு ஏற்ப ஒளியைக் கூட்டும், குறைக்கும், சில வேளை நிறத்தையே மாற்றும். ஒட்டிய பொருளையும் சும்மா விடாது.

இது எப்படி நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஒளியை விழுங்கிய ஒரு சாய மூலக்கூறின் அடுத்த சில நானோ விநாடிகளைக் கவனிக்க வேண்டும். ஒளித்துகளை விழுங்குவதற்கு ஆகும் நேரம், ஒரு விநாடியைக் கோடி கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் துணுக்கைவிடவும் குறைவு. விழுங்கியதும் மூலக்கூறு கிளர்வுற்ற நிலைக்கு ஏறுகிறது. ஏறிய ஆற்றலில் கொஞ்சத்தை அதிர்வுகளாக உடனே உதறிவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டு சில நானோ விநாடிகள் காத்திருக்கிறது. பிறகு அந்த மிச்சத்தை ஒளியாக வெளியிட்டு இறங்குகிறது. முதலிலேயே கொஞ்சம் உதறப்பட்டதால், வெளிவரும் ஒளி உள்ளே போன ஒளியைவிட நீண்ட அலைநீளம் கொண்டது. இதை 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், மலேரியா மருந்தான குவினைனின் கரைசலை வைத்துத் தெளிவாக விளக்கினார். ‘ஃபுளோரசன்ஸ்’ என்ற பெயரை ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமத்திலிருந்து எடுத்து வைத்தவரும் அவரே. தமிழ்ப் பாடநூல்கள் இதை உடனொளிர்வு என்கின்றன. விளக்கை அணைத்த மாத்திரத்தில் அணைந்துவிடும் ஒளி என்ற பொருளில் அது பொருத்தமான சொல்தான்.

அந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் எல்லாம் முடிவாகிறது. சில நானோ விநாடிகள் நமக்கு ஒன்றுமில்லை. மூலக்கூறுகளின் உலகில் அது நீண்ட அவகாசம். ஆற்றலைத் தாங்கி நிற்கும் சாயத்துக்கு ஒளிவிடுவதைத் தவிர வேறு வழிகளும் திறந்திருக்கின்றன. தன் உடலை முறுக்கி ஆற்றலை வெப்பமாக்கலாம். பக்கத்திலுள்ள தண்ணீருக்கு ஒரு புரோட்டானைக் கொடுத்துவிட்டு அமைதியாகலாம். அண்டை மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பெறலாம். அருகில் தகுந்த இன்னொரு சாயம் இருந்தால் ஆற்றலை அப்படியே அதனிடம் ஒப்படைக்கலாம். எந்த வழி விரைவானதோ அது வெல்லும். விழுங்கிய நூறு ஒளித்துகள்களுக்கு எத்தனை திரும்ப வருகின்றன என்ற விகிதம்தான் ஒரு சாயத்தின் ஒளிர்திறன். காரக் கரைசலில் ஃபுளோரசீன் 90க்கும் மேல் திருப்பித் தரும். தயசோல் ஆரஞ்சு என்ற இன்னொரு சாயம் தண்ணீரில் தனியாக இருக்கும்போது ஆயிரத்தில் ஒன்றைக்கூடத் தராது.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் சிறிய புற ஊதா விளக்கும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் போதும். மஞ்சளைத் தண்ணீரில் கலக்கி விளக்கைக் காட்டினால் மங்கலாகத்தான் இருக்கும்; ஆல்கஹாலில் கலக்கி, தெளிந்த பகுதியில் விளக்கைக் காட்டினால் பச்சை கலந்த மஞ்சள் ஒளி பளிச்சென்று தெரியும். மஞ்சளின் நிறமியான குர்குமின் தண்ணீரில் சரிவரக் கரையாது என்பது ஒரு காரணம். கரைந்த கொஞ்சமும் தண்ணீரில் தன் ஆற்றலை ஒளியாக்காமல் வேறு வழிகளில் இழந்துவிடுகிறது என்பது மற்றொரு காரணம். அதே குர்குமின் இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தின் எண்ணெய்ப் பசையான மடிப்புக்குள் புகுந்துகொண்டால், சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் மறுபடி ஒளிரத் தொடங்கும்.

எத்திடியத்தின் கதையும் இதை ஒத்ததுதான். தண்ணீரில் மிதக்கும் எத்திடியம், கிளர்வுற்ற நிலையில் தன் அமினோத் தொகுதியிலுள்ள புரோட்டானைப் பக்கத்துத் தண்ணீருக்குத் தாரைவார்த்துவிட்டு ஒளியின்றி இறங்கிவிடுகிறது. அதன் கிளர்வு நிலை நீடிப்பது சுமார் 1.8 நானோ விநாடி. டி.என்.ஏ.வுக்குள் நுழைந்தபின் அது சுமார் 22 நானோ விநாடியாக நீள்கிறது. தண்ணீர்தான் குற்றவாளி என்பதற்குச் சான்று நேர்த்தியானது: சாதாரணத் தண்ணீருக்குப் பதில் கனநீரில் கரைத்தால், எந்த டி.என்.ஏ.வும் இல்லாமலேயே எத்திடியத்தின் கிளர்வு ஆயுள் மூன்று மடங்குக்கும் மேலாகிறது, ஏனெனில் ஹைட்ரஜனைவிடக் கனமான டியூட்டீரியம் அவ்வளவு எளிதில் கைமாறுவதில்லை. 1977இல் வெளியான இந்த ஆய்வு, ஜெல்லில் கோடு ஏன் ஒளிர்கிறது என்ற கேள்வியைத் தீர்த்துவைத்தது. டி.என்.ஏ. சாயத்துக்கு ஒளியைக் கொடுக்கவில்லை. தண்ணீர் அதை அணைக்காதபடி மறைவு கொடுக்கிறது.

அந்த மறைவு எங்கே கிடைக்கிறது? டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சுழல்படிக்கட்டாகக் கொண்டால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கார இணைகள் அதன் படிகள். படிக்கும் படிக்கும் இடைவெளி 0.34 நானோமீட்டர். தட்டையான சாய மூலக்கூறு இரு படிகளுக்கிடையே, அடுக்கிய தோசைகளுக்கு நடுவே இன்னொரு தோசையைச் செருகுவது போல நுழைகிறது. அக்ரிடின் சாயங்களை வைத்து இந்த இடைச்செருகல் கருத்தை 1961இல் லியோனார்ட் லெர்மன் முன்வைத்தார். செருகுவதற்கு இடம் வேண்டும். ஆகவே அந்த இரு படிகள் ஏறக்குறைய இரு மடங்கு தூரத்துக்கு விலகுகின்றன. இயல்பாக ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சுருள் சுமார் 36 பாகை திரும்பும். எத்திடியம் நுழைந்த இடத்தில் அதில் 26 பாகை குறைந்துவிடுகிறது. அதாவது சாயம் நுழைந்த ஒவ்வோர் இடத்திலும் டி.என்.ஏ. நீள்கிறது, முறுக்குத் தளர்கிறது. லாம்டா என்ற பாக்டீரிய வைரஸின் டி.என்.ஏ. 48,502 கார இணைகள் கொண்டது. நீட்டிப் பிடித்தால் சுமார் 16 மைக்ரான். இதே வகையில் செருகும் யோயோ-1 என்ற சாயத்தை நிறைய ஏற்றினால் அது 20 மைக்ரானைத் தாண்டிவிடுகிறது. நுண்ணோக்கியில் டி.என்.ஏ.வின் நீளத்தை அளக்க வந்தவர், சாயம் ஏற்றிய கையோடு அளவுகோலின் மறுமுனையை நகர்த்திவிட்டார் என்றுதான் பொருள்.

இந்தத் தொல்லையையே ஒரு கருவியாக்கிக் கொண்டவர்களும் உண்டு. 1967இல் ஜெரோம் வினோகிராடும் அவருடைய சகாக்களும் வளைய வடிவ டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க எத்திடியத்தைப் பயன்படுத்தினார்கள். முனைகள் திறந்த டி.என்.ஏ. முறுக்குத் தளரத் தளரச் சுழன்று கொடுக்கும். ஆகவே சாயத்தை வேண்டிய மட்டும் ஏற்றுக்கொள்ளும். முழுதாக மூடிய வளையத்துக்கு அந்த வசதி இல்லை. ஓரளவுக்கு மேல் சாயம் நுழைய முயன்றால் வளையம் எதிர்த்திசையில் முறுக்கேறித் தடுத்துவிடும். சாயம் ஏற ஏற டி.என்.ஏ.வின் அடர்த்தி குறையும் என்பதால், சீசியம் குளோரைடு கரைசலில் போட்டு அதிவேகத்தில் சுழற்றினால், குறைவாகச் சாயம் ஏற்ற மூடிய வளையங்கள் கீழேயும் மற்றவை மேலேயும் இரு தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். பிளாஸ்மிடு என்ற சிறிய வளைய டி.என்.ஏ.வை எடுக்கும் ஆயத்தப் பெட்டிகள் வருவதற்கு முன்பு, ஊசியைச் செருகி அந்தக் கீழ்ப் பட்டையை உறிஞ்சி எடுப்பது ஆய்வு மாணவர்களின் அன்றாட வேலையாக இருந்தது.

ஜெல்லிலேயே இன்னொரு விசித்திரத்தையும் பார்க்கலாம். டி.என்.ஏ. எதிர் மின்னூட்டம் கொண்டது, நேர்முனை நோக்கி ஓடும். எத்திடியம் நேர் மின்னூட்டம் கொண்டது, அதற்கு எதிர்த்திசையில் ஓடும். நெடுநேரம் ஓடவிட்ட ஜெல்லின் அடிப்பகுதியில் சாயம் வறண்டுபோயிருக்கும். வேகமாக ஓடி அங்கே சேர்ந்த சிறிய துண்டுகள் மங்கலாகவோ தெரியாமலோ போகும். ‘சின்னத் துண்டு வரவே இல்லை’ என்று டி.என்.ஏ.வைப் பெருக்கும் வினையான பி.சி.ஆர்.-ஐக் குறைசொல்லித் திரும்பச் செய்வதற்கு முன்பு, ஜெல்லை மறுபடி சாயத்தில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பார்ப்பது நல்லது.

எத்திடியம் முதலில் சாயமாகப் பிறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1950களில் ஆப்பிரிக்கக் கால்நடைகளுக்கு டிரிப்பனசோமா ஒட்டுண்ணியால் வரும் நோய்க்கு ஹோமிடியம் என்ற பெயரில் அது மருந்தாகக் கொடுக்கப்பட்டது. 1971இல் ஓட்டோ டான் என்பவரின் ஆய்வகத்தில் உருவான டாப்பி என்ற நீலச் சாயமும் அதே வகை ஒட்டுண்ணிக்கு மருந்து தேடிய முயற்சியில் கிடைத்ததுதான். குவினக்ரின் மலேரியா மருந்து. ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வை இறுகப் பற்றும் மூலக்கூறு அதன் பெருக்கத்தைத் தடுக்கும். தட்டையான வளையங்களால் ஆனது என்பதால் ஒளிரவும் செய்யும். மருந்துக் கடையிலிருந்து நுண்ணோக்கிக்கு இத்தனை மூலக்கூறுகள் இடம்பெயர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒளிர்வு கூடுவதற்குத் தண்ணீரிடமிருந்து மறைவு ஒன்றுதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. தயசோல் ஆரஞ்சு, சைபர் கிரீன் போன்றவற்றின் உடல் இரண்டு தட்டையான பகுதிகளால் ஆனது; நடுவே ஒரு கார்பன் பாலம் கீல் போல இணைக்கிறது. தண்ணீரில் கிளர்வுற்றதும் கீல் சுழன்று ஆற்றல் முழுவதும் முறுக்கத்தில் கரைந்துவிடும். டி.என்.ஏ.வின் பிடிக்குள் வந்தால் கீல் அசைய முடியாது; வேறு வழியின்றி ஒளி வருகிறது. சைபர் கிரீனுக்கு இந்தக் கூடுதல் ஏறத்தாழ 1,000 மடங்கு. பின்னணி இருட்டாகவே இருப்பதால், பி.சி.ஆர். நடந்துகொண்டிருக்கும்போதே குழாயைத் திறக்காமல் டி.என்.ஏ. பெருகுவதைப் பார்க்க முடிகிறது. ஆனால் இரட்டைச் சுருள் எதுவாயினும் அது ஒளிரும். நாம் தேடிய மரபணுவா, பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு இழைகளான தொடக்கிகள் தமக்குள் ஒட்டிக்கொண்ட குப்பையா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் ஓட்டத்தின் முடிவில் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி, எந்த வெப்பநிலையில் ஒளி சரிகிறது என்று பார்க்கிறார்கள். குட்டையான குப்பை முன்னதாகவே பிரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டாப்பியும் ஹெக்ஸ்ட் சாயங்களும் படிகளுக்கிடையே நுழைவதில்லை. சுருளின் வெளிப்புறத்தில் ஓடும் குறுகிய பள்ளத்தில், டி.என்.ஏ.வின் எழுத்துகளான நான்கு காரங்களுள் அடினின், தைமின் செறிந்த பகுதிகளில் வளைந்து படுத்துக்கொள்கின்றன. எனவே அவற்றின் பிரகாசம் டி.என்.ஏ.வின் அளவை மட்டும் காட்டவில்லை. அதன் எழுத்துகளின் கலவையையும் சேர்த்தே காட்டுகிறது. குவினக்ரின் இன்னும் வெளிப்படையானது. அது எல்லா இடத்திலும் நுழையும், ஆனால் பக்கத்தில் குவானின் இருந்தால் அணைந்துவிடும், அடினின், தைமின் தொடர்களுக்கு நடுவே ஒளிரும். ஸ்டாக்ஹோமில் டோர்பியோர்ன் காஸ்பர்சன், லோரே செக் ஆகியோரின் குழு இந்த வகைச் சாயத்தை மனிதக் குரோமோசோம்களில் ஏற்றியபோது, அதுவரை ஒரே மாதிரி குச்சிகளாகத் தெரிந்தவை ஒவ்வொன்றும் தனக்கே உரிய இருள், ஒளிப் பட்டைகளோடு தெரிந்தன. அந்தப் பட்டைகளை உற்றுப் பார்த்துத்தான் சிகாகோவில் ஜேனட் ரௌலி 1973இல், நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்று காட்டினார். புற்றுநோய் ஆய்வின் பெரிய திருப்பங்களுள் ஒன்று, குவானின் ஒரு சாயத்தை அணைக்கிறது என்ற சிறிய வேதியியல் செய்தியின் மேல் நின்றது.

குவானினுக்கு ஏன் இந்தக் குணம்? நான்கு காரங்களில் எலெக்ட்ரானை மிக எளிதில் விட்டுக்கொடுப்பது அதுதான். கிளர்வுற்ற சாயம் ஒட்டி நின்றால், குவானின் ஓர் எலெக்ட்ரானைத் தள்ளிவிடும். சாயம் ஒளிவிடும் வாய்ப்பை அந்தக் கணமே இழக்கும். வேதிப்பிணைப்பால் டி.என்.ஏ. முனையில் நிரந்தரமாகக் கட்டிய சாயங்களுக்கும் இந்த அணைப்பு பொருந்தும். ஃபுளோரசீன் கட்டிய இழையின் முனையில் தைமின் இருந்தால் ஒரு பிரகாசம், குவானின் இருந்தால் வேறு பிரகாசம். சாயத்தை ஆறு கார்பன் நீளமுள்ள ஒரு கயிற்றில் கட்டித்தான் தொங்கவிடுகிறோம். ஆனால் கயிறு இருப்பதாலேயே சாயம் தள்ளி நிற்கும் என்று எண்ணினால் ஏமாற்றம்தான். தட்டையான, எண்ணெய்ப் பசையுள்ள சாயம் வளைந்து வந்து டி.என்.ஏ.வின் மேல் படுக்கவே விரும்பும். சை-3 என்ற சாயம் இரட்டைச் சுருளின் முனையில், கூடுதலாக ஒரு கார இணை வைத்தாற்போல மூடியாகப் படிந்துகொள்கிறது. அதற்கும் உடலில் முறுக்கிக்கொள்ளும் வழி உண்டு என்பதால், பக்கத்தில் ஒரு புரதம் வந்து நெருக்கினாலே ஒளி கூடிவிடும். அந்தப் புரதத்தில் எந்தச் சாயமும் கட்டாமலே அதன் வருகையைக் கண்டுபிடிக்க இது உதவுகிறது. இதை அறியாதவர், புரதம் டி.என்.ஏ.வின் அளவைக் கூட்டிவிட்டது என்று எழுதிவிட வாய்ப்புண்டு.

ஃபுளோரசீனை 1871இல் அடால்ஃப் ஃபான் பேயர் உருவாக்கினார். இன்றும் அது இந்தத் துறையின் மூத்த உழைப்பாளி. ஆனால் பி.எச். அளவு 6.4 அருகே அது ஒரு புரோட்டானை ஏற்று மங்கிவிடும் என்பதால், சற்றே அமிலத்தன்மை கொண்ட கரைசலில், எத்தனை சாயம் இருந்தாலும் குறைவாகவே தெரியும். உயிரணுவுக்குள் அமில அறை ஒன்றில் மாட்டிக்கொண்ட ஃபுளோரசீன் காணாமல் போய்விட்டதாகத் தோன்றுவது இதனால்தான்.

புரதங்களுக்குச் சாயம் ஏற்றும் வழக்கத்தை 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் தொடங்கிவைத்தார். ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புரதத்தின் லைசின் என்ற அமினோ அமிலங்களில் சாயத்தைக் கட்டும் வேலை இன்றும் கிட்டத்தட்ட அதே முறைதான், சற்றே காரத்தன்மை உள்ள கரைசலில் ஒரு மணி நேரக் காரியம். புதிதாகச் சேரும் மாணவர்கள் இதில் இரண்டு தவறுகளைத் தவறாமல் செய்வார்கள். ஒன்று, அலமாரியில் கைக்கு எட்டும் டிரிஸ் கரைசலில் கலப்பது. டிரிஸ் மூலக்கூறிலேயே அமினோத் தொகுதி இருப்பதால், விலையுயர்ந்த சாயமெல்லாம் புரதத்தை விட்டுவிட்டு டிரிஸோடு கட்டிக்கொள்ளும். இரண்டாவது, கூடுதல் சாயம் கூடுதல் ஒளி என்று நம்புவது. ஓர் எதிர்ப்புரதத்தில் நான்கைந்து ஃபுளோரசீன் வரை ஒளி ஏறும். அதற்கும் மேல் ஏற்றினால் சாயங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி, ஆற்றலைத் தமக்குள்ளேயே கைமாற்றி, ஏதோ ஓரிடத்தில் வெப்பமாக இழந்துவிடும். குழாயில் கரைசல் அடர்மஞ்சளாக மின்னும், நுண்ணோக்கியில் இருட்டாக இருக்கும். அதோடு, ஒட்டுமிடங்களிலேயே சாயம் அடைத்துக்கொண்டால் எதிர்ப்புரதம் தன் இலக்கைப் பிடிக்கவும் மறந்துவிடும்.

ஆற்றலைக் கைமாற்றும் இந்தக் குணம்தான் உயிரியலுக்கு மிக நுட்பமான அளவுகோலைத் தந்தது. தியோடர் ஃபோர்ஸ்டர் 1940களின் பிற்பாதியில் வகுத்த கோட்பாட்டின்படி, இரு சாயங்களுக்கிடையே ஆற்றல் தாவும் திறன் தொலைவின் ஆறாம் அடுக்கைச் சார்ந்தது. ஒரு குறிப்பிட்ட தொலைவில் பாதி ஆற்றல் தாவுகிறது என்று வைத்துக்கொண்டால், அதில் பாதித் தொலைவுக்கு வந்தால் 98 சதவீதம் தாவும். இரு மடங்கு விலகினால் 2 சதவீதம்கூடத் தாவாது. சை-3, சை-5 இணைக்குப் பாதி ஆற்றல் தாவும் அந்தத் தொலைவு ஐந்தாறு நானோமீட்டர், அதாவது டி.என்.ஏ.வில் பதினைந்து முதல் பதினெட்டுப் படிகள். 1967இல் லுபர்ட் ஸ்டிரையரும் ரிச்சர்ட் ஹாக்லண்டும் இதை நிறமாலை அளவுகோல் என்று அழைத்தார்கள். அளவுகோல் என்றாலும் மரச்சட்டம் அல்ல. இரு சாயங்களும் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்பதும் கணக்கில் வரும். சை-3 முனையில் மூடியாகப் படிந்து அசையாமல் நின்றால் கோட்பாட்டின் வழக்கமான சராசரி அங்கே செல்லாது.

நம்மூர் மருத்துவமனைகளில் இந்த வேதியியல் அன்றாடம் புழங்குகிறது. காசநோய்க்குச் சளியை எடுத்து ‘சிபிநாட்’ பரிசோதனைக்கு அனுப்புகிறார்களே, அந்த இயந்திரத்தில் உள்ளவை மூலக்கூறு விளக்குகள் எனப்படும் கொண்டையூசி வடிவ டி.என்.ஏ. துண்டுகள். நியூயார்க்கில் சஞ்சய் தியாகியும் பிரெட் கிராமரும் 1996இல் இவற்றை அறிமுகப்படுத்தினார்கள். ஊசியின் இரு கால்களும் ஒட்டியிருக்கும்வரை ஒரு காலிலுள்ள சாயமும் மறு காலிலுள்ள அணைப்பானும் தொட்டுக்கொண்டு இருக்கும், ஒளி வராது. நடு வளையத்துக்குப் பொருந்தும் இழை கிடைத்ததும் ஊசி நிமிர்ந்து, சாயம் அணைப்பானை விட்டு விலகி ஒளிரும். ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பைத் தரும் மாற்றங்கள் பெரும்பாலும் காசநோய்க் கிருமியின் ஆர்.பி.ஓ.பி. மரபணுவில் 81 கார இணைகள் கொண்ட ஒரு சிறு பகுதியில் வருகின்றன. ஐந்து நிறங்களில் ஐந்து ஊசிகள் அந்தப் பகுதியைப் பங்குபோட்டுக் காவல் காக்கின்றன. ஐந்தும் ஒளிர்ந்தால் கிருமி இருக்கிறது, மருந்து கேட்கும். ஒன்று ஒளிரவில்லை என்றால், அந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது. இங்கே நோயாளியின் சிகிச்சையைத் தீர்மானிப்பது ஒளிராமல் போன அந்த ஒரு நிறம்.

கொரோனாக் காலத்தில் ‘சி.டி. வேல்யூ’ என்ற சொல் தெருவுக்கு வந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த முறையால்தான். அதில் சாயமும் அணைப்பானும் ஒரே சிறு இழையில் கட்டப்பட்டிருக்கும். பாலிமரேஸ் நொதி வழியில் அந்த இழையைக் கத்தரித்துப் போட்டதும் சாயம் விடுதலையாகி ஒளிரும். ஒளி பின்னணியைத் தாண்டித் தெரிவதற்கு எத்தனை சுற்று ஆயிற்று என்பதே அந்த எண். ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. அதிகபட்சம் இரட்டிப்பாகும் என்பதால், மூன்று சுற்றுக்குச் சற்று மேலான வித்தியாசம் பத்து மடங்கு வித்தியாசத்தைக் குறிக்கும். ஆனால் பின்னணி எங்கே முடிகிறது என்பது சாயம், அணைப்பான், இயந்திரம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஓர் ஆய்வகத்தின் 24ஐயும் வேறொரு கருவியில் வந்த 27ஐயும் பக்கத்தில் வைத்து நோய் முற்றியதா தணிந்ததா என்று பேசியதெல்லாம் வீண் கவலையே.

கிளர்வுற்ற சாயத்துக்கு மீள முடியாத ஒரு வழியும் உண்டு. சில வேளை அது நீண்ட ஆயுள் கொண்ட மும்மை நிலைக்குள் விழுந்து, ஆக்சிஜனோடு வினைபுரிந்து, உடல் சிதைந்துபோகும். சாயம் வெளுத்துவிட்டது என்று தமிழில் சொல்வது அப்படியே பொருந்தும். வெளுப்பதற்கு விளக்கே வேண்டாம் என்ற நிலையும் வரலாம். மரபணுக்களின் செயல்பாட்டை அளக்கும் டி.என்.ஏ. மைக்ரோஅரே சில்லுகளில் பச்சைக்குச் சை-3யும் சிவப்புக்குச் சை-5உம் ஏற்றி ஒப்பிடும் முறை பரவியிருந்த நாட்களில், சில பருவங்களில் மட்டும் சிவப்பு காரணமின்றி மங்கிக்கொண்டிருந்தது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, காற்றிலுள்ள ஓசோனே காரணம் என்று காட்டியது. நூறு கோடியில் ஐந்து, பத்துப் பங்கு ஓசோன் இருந்தாலே போதும், காய்ந்த சில்லின் மேலுள்ள சை-5 சிதையத் தொடங்கிவிடும். மூன்று கார்பன் சங்கிலி கொண்ட சை-3 தாக்குப்பிடித்தது, ஐந்து கார்பன் கொண்ட சை-5 தாங்கவில்லை. மரபணு அடங்கிவிட்டது என்று எண்ணியது, உண்மையில் ஊர்க் காற்றின் மாசு. சில ஆய்வகங்கள் கரி வடிகட்டி வைத்த தனி அறை கட்டிக்கொண்டன.

டி.என்.ஏ.வின் எழுத்துகளை வாசிக்கும் வேலையில் சாயம் எவ்வளவு குறுக்கிடுகிறது என்பதை அந்தத் துறையினர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள். 1986இல் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் லாய்டு ஸ்மித், லீராய் ஹூட் குழு நான்கு எழுத்துக்கு நான்கு நிறம் என்ற முறையைக் கொண்டுவந்தபோது, சாயத்தின் எடையும் மின்னூட்டமும் மாறுவதால் ஒரே நீளமுள்ள இழைகள் ஜெல்லில் வெவ்வேறு வேகத்தில் ஓடின. இழையின் ஓட்டத்தில் சாயத்தின் பங்கைக் கழித்த பிறகே எழுத்துகள் சரியான வரிசையில் வந்தன. அந்தக் கழித்தலை இன்றும் மென்பொருள் சத்தமின்றிச் செய்கிறது.

சென்னையில் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்ற சங்கர் பாலசுப்ரமணியனும் டேவிட் கிளனர்மனும் கேம்பிரிட்ஜில் உருவாக்கி, 1998இல் சொலெக்சா என்ற நிறுவனமாக்கிய முறை வேறு வழியில் சென்றது. ஒரு நேரத்தில் ஒரே ஓர் எழுத்து சேரும்படி தடை வைத்து, அதன் நிறத்தைப் படம் பிடித்து, பிறகு தடையையும் சாயத்தையும் ஒரே வேதிவினையில் வெட்டி நீக்கிவிட்டு, அடுத்த எழுத்துக்குப் போகிறார்கள். சாயம் விட்டுப்போகும் சிறு தழும்பு ஒவ்வோர் எழுத்திலும் மிஞ்சுகிறது; அந்தத் தழும்பைப் பொருட்படுத்தாத பாலிமரேஸ் நொதியைத் தேடி மாற்றியமைக்க வேண்டியிருந்தது. இந்த முறையை விலைக்கு வாங்கிய இல்லுமினா நிறுவனம், செலவையும் நேரத்தையும் குறைக்க, 2014இல் இரண்டே நிறங்களில் வாசிக்கும் இயந்திரத்தை வெளியிட்டது. இரு நிறமும் தெரிந்தால் அடினின், சிவப்பு மட்டும் என்றால் சைட்டோசின், பச்சை மட்டும் என்றால் தைமின். குவானினுக்குச் சாயமே இல்லை; இருட்டுதான் குவானின்.

சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் இழை குட்டையாக முடிந்துபோனாலும், சாயம் தேய்ந்து ஒளி தளர்ந்தாலும், அந்த இயந்திரத்தின் கண்ணுக்கு அதுவும் இருட்டே. அதனால் இல்லாத எழுத்துகள் குவானின், குவானின், குவானின் என்று வரிசையாக, உயர்ந்த நம்பகத்தன்மை மதிப்பெண்ணோடு பதிவாகின்றன. இத்தகைய தரவு கைக்கு வந்ததும், பகுப்பாய்வாளர்கள் வேறெதையும் தொடங்குவதற்கு முன்பு, ஒவ்வொரு வாசிப்பின் வாலிலும் தொங்கும் அந்தக் குவானின் தொடரைக் கத்தரித்து எறிந்துவிடுகிறார்கள்.